வோல்டெர்ராவுக்குக் காரில் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்து மலை ஊர்களுக்குக் காரில் போவது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பீசாவில் குடியிருப்பவள் நான். எனக்கு நன்றாகப் பழகிய மலை ஊர் வோல்டெர்ரா. அதனால் பெரும்பாலான பதில்களை அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

அன்புள்ள அக்கா, மே மாதம் குடும்பத்தோடு இத்தாலி வருகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய மாமியார். ஃபுளோரன்ஸில் வாடகைக் கார் எடுத்து சான் ஜிமிஞானோ, வோல்டெர்ரா, சியெனா, பியென்சா, மொந்தெபுல்சானோ ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். முடியுமா?
*எம்.கே., கோயம்புத்தூர்*

வேண்டாம்மா. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். ஃபுளோரன்ஸிலிருந்து சான் ஜிமிஞானோ ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து வோல்டெர்ரா 30 கிலோமீட்டர்தான் என்றாலும் வளைவுகளில் முக்கால் மணி நேரம் ஆகும். வோல்டெர்ராவிலிருந்து சியெனா ஒரு மணி, சியெனாவிலிருந்து பியென்சா இன்னொரு மணி, அதற்குப் பிறகு மொந்தெபுல்சானோ, கடைசியில் ஃபுளோரன்ஸுக்குத் திரும்பும் ஒன்றரை மணி. ஸ்டியரிங் பிடிப்பதற்கே ஐந்தரை, ஆறு மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு ஊரிலும் மதிலுக்கு வெளியே இடம் தேடி நிறுத்த வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும். உங்கள் மாமியார் இத்தாலியில் பார்க்கப்போவது ஐந்து கார் நிறுத்தங்களைத்தான்.

ஒரே ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஓர் இரவாவது தங்குங்கள். நான் வோல்டெர்ராவைச் சொல்வேன். சான் ஜிமிஞானோ அழகான ஊர். ஒருகாலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள், இன்றும் 14 நிற்கின்றன. 1990இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் பகல் முழுக்கச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறக்கும் கூட்டத்தில் அங்கே நடக்கவே தனிப் பொறுமை வேண்டும். வோல்டெர்ரா இன்னும் தன் ஆட்களுக்காக இயங்குகிற ஊர். பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள்தொகை. பள்ளி விட்டால் தெருவில் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள், சனிக்கிழமை சந்தை கூடும், சாயங்காலம் கிழவர்கள் சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். கடல்மட்டத்திலிருந்து 530 மீட்டர் உயரம் என்பதால், வானம் தெளிவாக இருந்தால் மேற்கே கடலும் தெரியும்.

வழி எளிது. ஃபுளோரன்ஸிலிருந்து சியெனா போகும் நான்குவழிச் சாலையில் சுங்கம் கிடையாது. கொல்லே டி வால் டெல்சாவில் இறங்கி 68ஆம் எண் சாலையைப் பிடித்தால் நேரே வோல்டெர்ரா. மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 68ஆம் எண் சாலையில் வீட்டுக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். கோதுமை வயல்கள் மே மாதத்தில் பச்சையாக அலையடிக்கும். மலை முகட்டில் ஊர் தெரிவதும் மறைவதுமாகக் கடைசி அரை மணி நேரம் போகும். வோல்டெர்ராவில் பிறந்த சிற்பி மவுரோ ஸ்டாச்சோலி இந்த வட்டாரத்தின் திறந்தவெளிகளில் பெரிய சிவப்பு வளையங்களை நிறுத்தியிருக்கிறார். ஒரு வளையத்துக்குள் பள்ளத்தாக்கு முழுதும் அடங்கித் தெரியும். படம் எடுக்க ஆசை வரும். வளைவில் நிறுத்தாமல், ஒதுங்கு இடம் வரும் வரை பொறுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் இருந்தால் போதுமா? ஆங்கிலத்தில்தானே இருக்கிறது?
*ஆர்.வி., மதுரை*

போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக, கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதன் ஆயுள் ஓராண்டு. அது மூல உரிமத்தோடு சேர்ந்தால்தான் செல்லும், இரண்டையும் கையில் வைத்திருங்கள். கார் கொடுக்கும் கவுன்டரில் கேட்காமல் விட்டுவிடலாம். சாலையில் போலீஸ் கேட்கும்போது இல்லையென்றால் அபராதம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

இன்னொன்று, முன்பணம் பிடித்துவைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். மனைவி பெயரில் அட்டை, கணவர் பெயரில் முன்பதிவு என்று போய் நின்று, சண்டை போட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்களை விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன். இங்கே கேட்காமல் கொடுப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சில வாரம் முன்பே சொல்லி வையுங்கள். பெரிய கார் எடுக்காதீர்கள். மலை ஊரைச் சுற்றியுள்ள தெருக்களில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகும் இடங்களும் உண்டு.

வால்பாறைக்கு வாரம் தவறாமல் கார் ஓட்டுகிறவன் நான். மலைப்பாதை பயமில்லை. ஆனால் வலப்பக்கம் ஓட்டுவதை நினைத்தால் கை நடுங்குகிறது. எப்படிப் பழகுவது?
*எஸ்., பொள்ளாச்சி*

தம்பி, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிறவருக்கு வோல்டெர்ரா சாலை ஒரு பொருட்டே இல்லை. ஏற்றம் மிதமானது, வளைவுகள் அகலமானவை, யானை குறுக்கே வராது. காட்டுப்பன்றியும் மானும் வரும். இருட்டும் நேரத்தில் காட்டை ஒட்டிய இடங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கப் பழக்கத்துக்கு ஒரு யோசனை. ஃபுளோரன்ஸ் நகரத்துக்குள் காரை எடுக்காதீர்கள். பீசா விமான நிலையத்தில் எடுங்கள். வெளியே வந்ததும் ஃபுளோரன்ஸ், பீசா, லிவோர்னோவை இணைக்கும் நான்குவழிச் சாலை வந்துவிடும். அதற்கும் சுங்கம் இல்லை. நடுவே தடுப்பு இருப்பதால் தவறான பக்கம் போக வழியே கிடையாது. முதல் அரை மணி நேரத்தில் கை தானாகப் பழகிவிடும். வேகத்தைப் படம் பிடிக்கும் பெட்டிகள் அந்தச் சாலையில் நிறைய, பலகையில் போட்ட எண்ணைத் தாண்டாதீர்கள். பொந்தெதேராவில் இறங்கினால் 439ஆம் எண் சாலை. நானும் அந்த வழியில்தான் போவேன். ஏரா ஆற்றின் பள்ளத்தாக்கு நெடுகத் தட்டையாகப் போய், கடைசியில்தான் மலை ஏறும்.

தடுமாற்றம் வருவது நேர்சாலையில் அல்ல. நிறுத்தத்திலிருந்து காலியான தெருவுக்குள் திரும்பும்போதும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாய்விட்டு 'வலது' என்று சொல்லட்டும். வட்டச் சந்திப்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிடும் குறி போட்டிருக்கும், அதனால் பார்வை இடப்பக்கம் இருக்கட்டும். எந்தக் குறியும் இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்குள் வேகம் 50, சாதாரண வெளிச்சாலையில் 90, நான்குவழியில் 110, சுங்க நெடுஞ்சாலையில் 130. மழை பெய்தால் கடைசி இரண்டும் 90, 110 என்று இறங்கிவிடும். ஊர் எல்லையைத் தாண்டினால் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

பின்னால் ஒரு சின்ன ஃபியட் முட்டிக்கொண்டு வந்தால் பதற வேண்டாம். அவர் உள்ளூர்க்காரர், வேலைக்குப் போகிறார். ஒதுங்கும் இடம் பார்த்து வழி விடுங்கள்.

போன கோடையில் சூரிச்சிலிருந்து காரில் இத்தாலி போனோம். ஒரு மலை ஊரில் ஜிபிஎஸ் காட்டிய வழியிலேயே விடுதி வாசல் வரை போனோம். யாரும் தடுக்கவில்லை. பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்திருக்கிறது. இது மோசடியா? கட்ட வேண்டுமா?
*த.சி., சுவிட்சர்லாந்து*

மோசடி இல்லை. ஆனாலும் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இங்கே பழைய ஊர்களின் உள்பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம். இத்தாலியச் சுருக்கம் இஸட் டி எல், உள்ளூர்க்காரர்கள் 'ஜெட்டா தி எல்லே' என்பார்கள். குடியிருப்பவர், சரக்கு இறக்குபவர், அனுமதி பெற்றவர் தவிர வேறு வண்டி நுழையக் கூடாது. வாசலில் கதவோ காவலரோ இருக்காது. வெள்ளைத் தட்டில் சிவப்பு வளையம் போட்ட பலகை, நேரம் எழுதிய சிறு பலகை, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். சில இடங்களில் மின்பலகையும் இருக்கும். அதில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது, நுழையாதீர்கள் என்று பொருள். வாசல் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நுழைந்த பயணிகள் ஏராளம்.

அபராதம் 83 யூரோவிலிருந்து தொடங்கும். அஞ்சல் செலவு தனி. அறிவிப்பு கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 விழுக்காடு குறையும். அதனால் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கான கெடுவும் அதிலேயே அச்சாகியிருக்கும். விடுதி உங்கள் வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்துகொடுப்பதாகச் சொல்லியிருந்தால், அதற்கான மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். உங்களுக்கு உதவக்கூடிய ஒரே காகிதம் அதுதான். வாடகைக் காரில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் தனியாக ஒரு தொகையை அட்டையில் பிடிக்கும். அது அபராதம் இல்லை. அதைக் கட்டிவிட்டதால் அபராதம் தீர்ந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நான் முழு ஆதரவு. வோல்டெர்ராவின் தெருக்கள் கழுதையும் கைவண்டியும் போவதற்காக அமைந்தவை. மதிலின் ஒரு பகுதி 2014 ஜனவரியில் மழை தாங்காமல் சரிந்து விழுந்தது. இந்த வயதில் இருக்கும் ஊருக்குள் நம் பெட்டிகளை வாசல் வரை கொண்டுபோய் இறக்கத்தான் வேண்டுமா? ஜிபிஎஸ்ஸில் விடுதிப் பெயரைப் போடாமல், கார் நிறுத்தத்தின் பெயரைப் போடுங்கள். இதை ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை வராது.

அப்படியென்றால் வோல்டெர்ராவில் காரை எங்கே விடுவது? என் அம்மாவுக்கு முழங்கால் வலி.
*ஜெ.பி., சென்னை*

மார்த்தீரி தெல்லா லிபெர்த்தா சதுக்கத்துக்குக் கீழே நிலத்தடி நிறுத்தம் இருக்கிறது. கட்டணம் உண்டு. அம்மாவோடு போகிறவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஊரின் நடுச் சதுக்கம் அங்கிருந்து சில நிமிட நடைதான். இலவசமாக வேண்டுமென்றால் வடக்கே தோச்சோலா வாயிலுக்குக் கீழே ஒரு பெரிய நிறுத்தம். அங்கிருந்து நீளமான படிக்கட்டு ஏற வேண்டும். படி தொடங்கும் இடத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கல் நீரூற்று மண்டபம் இருக்கிறது, இளசுகள் அந்த வழியாக ஏறுங்கள். முழங்கால் வலிக்காரர்களை அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

கோட்டு நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் சில இடங்களில் நேர வரம்பு உண்டு. வந்த நேரத்தைக் காட்டும் அட்டைச் சக்கரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். வாடகைக் காரின் கையுறைப் பெட்டியில் அது கிடக்கும். சந்தைக்கும் தெருக் கூட்டுவதற்கும் ஒதுக்கிய நாள், நேரம் பலகையில் இருக்கும். அந்த நேரத்தில் நின்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டி படுக்கைகள் வெளியே தெரியும்படி காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அக்கா, ஒரு சின்ன ஊரில் ஒரு நாள் முழுக்க என்ன பார்ப்பது? பிள்ளைகளுக்கு அலுத்துவிடாதா?
*ந.ச., திருச்சி*

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நிலத்தடி நிறுத்தத்திலிருந்து மேலே வந்ததும் உடனே ஊருக்குள் போகாதீர்கள். மதிலை ஒட்டி வெளிப்புறமாக இறங்கி, போர்த்தா அல் ஆர்க்கோ என்ற வாயிலுக்குப் போய், அதன் வழியாக நுழையுங்கள். எத்ருஸ்கர்கள் கட்டிய வாயில் அது, கி.மு. 4 அல்லது 3ஆம் நூற்றாண்டு. ரோமாபுரி பேரரசாவதற்கு முன்பே இந்தப் பகுதியை ஆண்டவர்கள் அவர்கள். அன்று இந்த ஊரின் பெயர் வெலாத்ரி, அதைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் மதில். வாயில் வளைவின் மேல் மூன்று கல் தலைகள் இருக்கின்றன. மூக்கும் கண்ணும் கரைந்துபோய், யாருடைய தலைகள் என்று இன்று எவராலும் சொல்ல முடியாத நிலை.

பிள்ளைகளை அங்கே நிறுத்தி 1944 ஜூன் மாதக் கதையைச் சொல்லுங்கள். பின்வாங்கிய ஜெர்மன் படை, நேச நாட்டுப் படை உள்ளே வராமல் இருக்க இந்த வாயிலை வெடிவைத்துத் தகர்க்க முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் மன்றாடினார்கள். வாயிலை அடைத்துவிடுகிறோம், யாரும் நுழைய முடியாது, வெடி மட்டும் வேண்டாம் என்றார்கள். ஒரே நாள் கெடு. ஆணும் பெண்ணும் சேர்ந்து தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்து, கையாலேயே சுமந்து வந்து, வாயில் வளைவை மேல் வரை அடைத்தார்கள். வாயில் பிழைத்தது. சில நாளில் அமெரிக்கப் படை ஊருக்குள் வந்தது. அந்தச் சம்பவத்தைச் சொல்லும் கல்வெட்டு வாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஏறிப்போகும் தெருவின் கற்கள் அன்று பெயர்த்தெடுத்து, பிறகு திரும்பப் பதித்தவை. எத்தனை அருங்காட்சியகம் பார்த்தாலும் பிள்ளைகள் இதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தெருவில்தான் அலபாஸ்டர் பட்டறைகள். வாசலில் வெள்ளைத் தூள் படிந்திருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அலபாஸ்டர் சலவைக்கல் இல்லை, ஜிப்சம் வகை. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மெது. எத்ருஸ்கர்கள் இறந்தவர்களின் சாம்பலை வைக்கும் பேழைகளை இதில்தான் செதுக்கினார்கள். மெல்லியதாகச் சீவினால் வெளிச்சம் ஊடுருவும். எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் கடைசல் இயந்திரத்தில் கல்லைச் சுழலவிட்டு, உள்ளே விரலைவிட்டுப் பார்த்துக்கொண்டே கனத்தைக் குறைப்பார். கண்ணைவிட விரலுக்குத்தான் நம்பிக்கை என்பார். ஒரு கிண்ணமோ விளக்கோ வாங்குங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், மெருகு போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அந்தப் பேழைகளைப் பார்க்க குவார்னாச்சி அருங்காட்சியகம். மாரியோ குவார்னாச்சி என்ற பாதிரியார் தன் சேகரிப்பை 1761இல் ஊர் மக்களுக்கே எழுதிக்கொடுத்தார். ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் ஒன்று. நூற்றுக்கணக்கான பேழைகள், ஒவ்வொன்றின் மூடியிலும் சாய்ந்து படுத்த உருவம். எல்லாவற்றையும் பார்க்க முனைந்தால் களைத்துவிடுவீர்கள். இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்று, சுடுமண்ணில் செய்த முதிய தம்பதி. முகச் சுருக்கம் ஒன்றையும் மறைக்காமல், அவள் அவனையே பார்த்தபடி இருப்பாள். மற்றொன்று 'மாலை நிழல்' எனப்படும் வெண்கலச் சிறுவன். உயரம் 57 சென்டிமீட்டர் சொச்சம், உடம்பு விரல் பருமன். சாயங்கால வெயிலில் நீளும் நிழலுக்குத் தலையும் பாதமும் வைத்ததுபோல இருக்கும்.

ஓவியத்தில் நாட்டம் இருந்தால் ஓவியக் கூடத்தில் ரோஸ்ஸோ ஃபியோரெந்தீனோ 1521இல் வரைந்த படம். சிலுவையிலிருந்து இயேசுவை இறக்குகிறார்கள். ஏணிகளில் நிற்பவர்கள் காற்றில் அடிபடுவதுபோலத் தவிக்க, கீழே மாணவர் யோவான் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து நிற்கிறார். அந்தக் குனிந்த முதுகைப் பார்ப்பதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

நடுச் சதுக்கத்தில் 1208இல் தொடங்கி 1257இல் முடித்த ஊராட்சி மாளிகை, டஸ்கனியிலேயே பழையது. அதற்குப் பக்கத்தில் மலை உச்சியை அடைத்துக்கொண்டிருக்கும் கோட்டைக்குள் நுழைய முடியாது, அது இன்றும் சிறைச்சாலை. இந்தக் கோட்டையின் பின்னணி கசப்பானது. படிகாரச் சுரங்கம் ஒன்றின் உரிமையில் எழுந்த தகராறில், 1472இல் ஃபுளோரன்ஸை ஆண்ட லொரென்சோ தெ மெதிச்சி அனுப்பிய படை ஊரைச் சூறையாடியது. பிறகு ஊர்க்காரர்கள் தலைதூக்காமல் இருக்க அவர்கள் தலைக்கு மேலேயே கோட்டையைக் கட்டினார். துணிச் சாயம் கெட்டியாகப் பிடிக்கப் படிகாரம் வேண்டும், ஃபுளோரன்ஸின் செல்வமே துணியில்தான் இருந்தது. இப்போது அந்தச் சிறையில் 1988 முதல் கைதிகள் நாடகம் போடுகிறார்கள். அர்மாந்தோ புன்சோ தொடங்கிய குழு, இத்தாலி முழுக்கப் பெயர் பெற்றது.

வடக்கு மதிலோரம் நடந்தால் கீழே ரோமானிய அரங்கம். இடைக்காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டி மூடிப்போன இடம். 1950களில் உள்ளூர் ஆய்வாளர் என்ரிக்கோ ஃபியூமி தோண்டத் தொடங்கினார். கடப்பாரை பிடித்தவர்களில் ஊரின் மனநல மருத்துவமனை நோயாளிகளும் இருந்தார்கள். அந்த மருத்துவமனையில் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைபட்டிருந்தார்கள். அரங்கத்தின் பெருமையைப் பேசும்போது அவர்கள் கைகளையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2015இல் ஊருக்கு வெளியே ஓடை வேலை பார்த்தபோது வட்டரங்கம் ஒன்றின் சுவரும் தட்டுப்பட்டது. இத்தனை நூற்றாண்டாக அது இருந்ததே யாருக்கும் தெரியாது.

நாங்கள் சைவம். முட்டையும் சாப்பிட மாட்டோம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
*கே.எல்., கும்பகோணம்*

காட்டுப்பன்றி இறைச்சிக்குப் பேர்போன வட்டாரம்தான், ஆனாலும் பட்டினி இல்லை. காய்கறி, பீன்ஸ், ரொட்டி போட்ட கெட்டி சூப் எங்கும் கிடைக்கும். இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்று மட்டும் கேளுங்கள். 'சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா' என்று சொன்னால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் கொடுப்பார்கள். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கும், காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்காது. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், தவறென்று நினைக்காதீர்கள்.

பாலாடைக்கட்டி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. சீஸைத் திரிக்கப் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். வோல்டெர்ராவின் பெக்கோரீனோ தெல்லே பால்ட்சே செம்மறி ஆட்டுப்பாலை முட்செடிப் பூவின் சாறு விட்டுத் திரித்துச் செய்வது, சட்டப்படியே அப்படித்தான் செய்ய வேண்டும். பெயரை எழுதிவைத்துக்கொண்டு கடையில் காட்டுங்கள். கொஞ்சம் தேன் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மதியம் இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த இடைவெளிக்கு ஏதாவது கையில் வைத்திருங்கள்.

கார் இல்லாமல் போக முடியுமா?
*வி., யாழ்ப்பாணம்*

முடியும். கொல்லே டி வால் டெல்சாவிலிருந்தும் பொந்தெதேராவிலிருந்தும் பேருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. ரயில் மலையடிவாரத்து சலீனே வரைதான். மேலே ஏறிய பல்சக்கர ரயிலை 1958இல் நிறுத்திவிட்டார்கள்.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வோல்டெர்ரா பக்கம் நிலத்தடி நீராவியில் மின்சாரம் எடுக்கிறார்களாமே? காரில் போய்ப் பார்க்க முடியுமா?
*கு.ரா., நெய்வேலி*

ஐயா, கார் எடுத்ததற்குப் பலன் அங்கேதான். லார்தெரெல்லோ என்ற ஊர், வோல்டெர்ராவிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரத்துக்குள். 1904இல் பியேரோ ஜினோரி கோந்தி பூமியிலிருந்து வரும் நீராவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரியவைத்தது அங்கேதான். 1913இல் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. உலகத்துக்கே அது முதல். இன்றும் குளிரூட்டும் கோபுரங்கள் வெண்புகை விட்டுக்கொண்டிருக்கும். பளபளக்கும் குழாய்கள் மலையேறி, காட்டுக்குள் புகுந்து, சாலைக்கு மேலே வளைவாகத் தாண்டிப் போகும். சின்ன அருங்காட்சியகமும் உண்டு. நிலக்கரியோடு வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு, கொதிகலனே இல்லாத மின்நிலையம் தனி அனுபவமாக இருக்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

திரும்பி வரும்போது ஊருக்குள் ஏறுவதற்கு முன் மேற்கு ஓரத்தில் பால்ட்சே என்ற செங்குத்துச் சரிவுக்குப் போங்கள். பக்கத்திலேயே வண்டியை நிறுத்தலாம். களிமண் கரைய, மேலிருக்கும் மணற்பாறை உடைந்து விழுந்துகொண்டே இருக்கிறது. எத்ருஸ்கர் கல்லறைகளும் ஒரு பழைய தேவாலயமும் அதில் போய்விட்டன. 1030இல் தொடங்கிய துறவியர் மடம் ஒன்று விளிம்பில் நிற்கிறது, 1861இல் அதைக் காலி செய்துவிட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

கடைசிச் சந்தேகம் அக்கா. பெட்ரோல் பங்கில் ஆளே இல்லையென்றால் என்ன செய்வது?
*எம்.கே., கோயம்புத்தூர் (அதே கடிதத்தில்)*

மதியமும் ஞாயிறும் மலை ஊர்களில் அப்படித்தான் இருக்கும். தானியங்கிப் பெட்டியில் முதலில் பணம், பிறகு எத்தனையாம் எண் பம்பு என்று அழுத்த வேண்டும். நோட்டுக்குச் சில்லறை திரும்பாது, வேண்டிய அளவுக்கே போடுங்கள். அட்டை போட்டால் முதலில் பெரிய தொகையைப் பிடித்துவைத்து, சில நாளில் மிச்சத்தை விடுவிப்பார்கள். 'பென்சீனா' என்றால் பெட்ரோல், 'காசோலியோ' என்றால் டீசல். எது உங்கள் வண்டிக்கு என்று மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும், பார்த்துவிட்டுக் குழாயை எடுங்கள். முடிந்தால் சனிக்கிழமையே கொல்லேயில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.